கோடைகால விளையாட்டுப் பயிற்சி முகாம்: வேலூர் மாவட்டத்தில் யார் சேரலாம், எதைக் கவனிக்க வேண்டும்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் கோடைகால விளையாட்டுப் பயிற்சி முகாம் நடத்துகிறது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் சேரலாம். வீட்டிலிருந்து வந்து பயின்று திரும்பும் முகாம் இது. தங்கும் இடம் கிடையாது. மாவட்ட அணியில் ஆடியிருக்க வேண்டும், முன்பே பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. பள்ளியில் படிக்காத பிள்ளையையும் சேர்க்கலாம். படிப்பை நிறுத்திவிட்டு மெக்கானிக் கடையிலோ வீட்டு வேலையிலோ இருக்கும் பிள்ளைகள் வேலூர்ப் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த முகாம் எட்டாமல் போகக் காரணம் விதி அல்ல. பள்ளி வழியாகத்தான் சேர முடியும் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம்.

நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-ல் ஏப்ரல் 29 முதல் மே 13 வரை 15 நாள் நடந்தது. 2025-ல் ஏப்ரல் 25 முதல் மே 15 வரை 21 நாள். அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையில் கிடைக்கும் அவகாசம் குறைவு. ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பாக நாளிதழில் ஒரு மூலையில் ஒருநாள் வரும், அதோடு சரி. ஆகவே ஏப்ரல் 10 தாண்டியதும் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தை நேரிலோ தொலைபேசியிலோ கேட்டுவிடுங்கள். விளையாட்டுகள் எவை, இடம் எது, பதிவு இணையத்திலா நேரிலா, கட்டணம் உண்டா என்ற நான்கையும் ஒரே தடவையில் கேளுங்கள். கட்டணம் வைத்த ஆண்டும் உண்டு; போன ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

எந்த மாவட்ட அலுவலகம் என்பதிலும் குழப்பம் நடக்கிறது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் வட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலூர் அலுவலகம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் பக்கம் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். பயிற்சிக்கு மட்டும் என்றால் பக்கத்து மாவட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பிறகு மாவட்ட அணித் தேர்வு என்று வரும்போது இருப்பிடம் எந்த மாவட்டம் என்று பார்ப்பார்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் கைக்கு எட்டும் தூரம் என்று இங்கே சேர்ந்த பிள்ளை அந்த அணித் தேர்வில்தான் திண்டாடும்.

பதிவுக்கு ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், பெற்றோர் கைபேசி எண் மூன்றையும் கையில் வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றும் இருந்தால் நல்லது. ஆதாரில் உள்ள பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். முகாமில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விடலாம். 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் என்று போட்டிக்குப் போகும்போது இதே வேறுபாடு பிள்ளையை வெளியே நிறுத்திவிடும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் திருத்தலாம். ஆகவே பிறப்புச் சான்றிதழை முதலில் சரிபார்த்துக்கொண்டு பிறகு ஆதார் மையத்துக்குப் போங்கள்.

என்னென்ன விளையாட்டு என்பது அந்த ஆண்டு எந்தப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தடகளம், கைப்பந்து, கால்பந்து, கபடி, பளுதூக்குதல் போன்றவற்றிலிருந்து சிலவற்றை மாவட்டம் அறிவிக்கும். பிள்ளை கேட்ட விளையாட்டு இல்லை என்றால் தடகளத்தில் சேருங்கள். ஓட்டம், தாண்டுதல், உடல் வளைவு மூன்றும் அதில் வந்துவிடும். அடுத்த ஆண்டு எந்த விளையாட்டுக்குப் போனாலும் அந்த அடித்தளம் வீணாகாது.

பளுதூக்குதல் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் நம் சத்துவாச்சாரிக்காரர். அப்படிப்பட்ட ஊரிலேயே "எடை தூக்கினால் உயரம் வளராது" என்று பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போகும் பெற்றோர் உண்டு. முறையான பயிற்சி வளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தொடக்கத்தில் யாரும் எடை மாட்டுவதில்லை. முதலில் வெறும் குச்சி, பிறகு வெறும் கம்பி. ஆண்களுக்கான கம்பி மட்டுமே 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ என்பதால், சின்னப் பிள்ளைகள் அந்தக் கம்பிக்கு வரவே நாளாகும். உட்கார்ந்து எழும்போது முதுகு நேராக நிற்கப் பழகுவதுதான் முதல் வாரப் பாடம். பயிற்றுநர் இல்லாத நேரத்தில் கூட்டாளியோடு பந்தயம் கட்டித் தூக்குவதில்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

பயிற்சி வழக்கமாகக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். காலை 6, 6.30 மணி என்றால் ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு முதல் பஸ் பிடித்தாலும் நேரத்துக்கு வந்து சேர்வது கடினம். இதை மறைத்து மூன்று நாள் தாமதமாக வந்து திட்டு வாங்கி நின்றுவிடுவதைவிட, பதிவு செய்யும் அன்றே பயிற்றுநரிடம் சொல்லி ஒரு வேளை மட்டும் வர அனுமதி கேளுங்கள். இரு வேளையும் வரும் பிள்ளை நடுவில் எங்கே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வேலூர் மே மாத மதியத்தில் பஸ்ஸில் போய் வந்த பிள்ளை மாலையில் ஓட முடியாது.

வெயிலைப் பற்றி எழுதாமல் வேலூரில் எந்தக் கோடை முகாமைப் பற்றியும் எழுத முடியாது. மே 4-ஐ ஒட்டி அக்னி நட்சத்திரம் தொடங்கும். முகாமின் பிற்பாதி கத்திரி வெயிலில்தான் விழுகிறது. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் இங்கே சாதாரணம். விடுமுறையில் வீட்டுக்குள் இருந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆகவே முதல் மூன்று, நான்கு நாள் பாதி வேகத்தில் ஓடினால் போதும். முதல் நாளே முழு மூச்சாக ஓடி, மறுநாள் காய்ச்சலோடு படுத்து, அதோடு முகாமை விட்டுவிடும் பிள்ளைகள்தான் அதிகம். "சோம்பேறி" என்று பெற்றோர் ஓரத்தில் நின்று விரட்டக் கூடாது.

காலைப் பயிற்சி எளிது, மாலைதான் ஏமாற்றும். 4.30 மணிக்குச் சூரியன் சாய்ந்தாலும் நாளெல்லாம் காய்ந்த தரை மேல்நோக்கி அனலை விட்டுக்கொண்டிருக்கும். தொப்பி, வெளிர்நிறப் பருத்தி பனியன், கேன்வாஸ் ஷூ, காலுறை கட்டாயம். காலுறை இல்லாமல் ஷூ போட்டால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். ஜீன்ஸ் போட்டு அனுப்பாதீர்கள். வியர்வையில் தொடை உரசிப் புண்ணாகும். கபடிக்கு நகத்தை ஒட்ட வெட்டி அனுப்புங்கள்.

தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டில் ஒரு வேளைக்கு ஒன்று. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு டம்ளர் அளவு குடிக்க வேண்டும். கடைசியில் ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்தால் வயிறு பிரட்டும். அதிகம் வியர்க்கும் பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்: காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பைக் கூட்டிவிடாதீர்கள், கூடினால் கேடு. உப்பு போட்ட நீர்மோரும் நல்லது. கலர் சோடா வேண்டாம்.

வெறும் வயிற்றோடு காலையில் அனுப்புவது பல வீடுகளில் வழக்கம். மயக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் பால் போதும். முடித்து வந்ததும் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ மோர் விட்டு, கூட ஒரு முட்டை அல்லது சுண்டல். இதற்கு மேல் பொடி, டப்பா எதுவும் வாங்கத் தேவையில்லை.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு என்றால் நிழலில் உட்கார வைத்து நீர் கொடுத்து அன்றைக்கு நிறுத்திவிடலாம். பேச்சு குழறுகிறது, தள்ளாடுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறது என்றால் அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் சேர்க்கும் அன்றே பயிற்றுநரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று மறைப்பது ஆபத்து. இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை அதைப் பையிலேயே கொண்டுவரட்டும்.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கும்போது முதல் நாளே கிரவுண்டுக்கு நேரில் போய்க் கழிப்பறை, உடை மாற்றும் அறை, பெண் பயிற்றுநர் உண்டா என்று பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாதவிலக்கு நாட்களில் பயிற்சியை விட்டே ஆக வேண்டும் என்பதில்லை. வலி இல்லையென்றால் ஆடலாம், இருந்தால் ஓய்வு. யாராவது தவறாக நடந்தால் 1098 குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் உண்டு. இந்த எண்ணை ஆண் பிள்ளைக்கும் மனப்பாடமாக்குங்கள்.

நீச்சல் பெரும்பாலும் தனி அறிவிப்பாகவும் தனிக் கட்டணமாகவும் வரும். கோடை முகாமில் சேர்ந்ததால் நீச்சலும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பயிற்சி கிடைக்கவில்லை என்பதற்காகக் கல்குவாரிக் குட்டையிலோ விவசாயக் கிணற்றிலோ பிள்ளைகள் தாமாகப் பழகப் போவதை மட்டும் எப்படியாவது நிறுத்துங்கள். குவாரிக் குட்டைக்கு ஆழம் படிப்படியாக வராது, ஓரத்திலேயே செங்குத்தாக இறங்கும்.

முடிவில் பங்கேற்புச் சான்றிதழ் தருவார்கள். அது வந்துபோனதற்கான சான்று மட்டுமே. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் உள்ள விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் போட்டிகளில் ஆடிப் பெற்ற சான்றுதான் செல்லும். முகாமின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்றுநர் உங்கள் பிள்ளையை இரண்டு, மூன்று வாரம் தினமும் பார்க்கிறார். கடைசி வாரத்தில் அவரிடம் போய், ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சிக்கு வரலாமா, விளையாட்டு விடுதித் தேர்வுக்கு இவன், இவள் சரிப்படுவார்களா என்று கேட்டுவிடுங்கள். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரப்போகும் பிள்ளைகளை ஆணையத்தின் விடுதிகளுக்குத் தேர்வு செய்வது அண்மை ஆண்டுகளில் மே முதல் பாதியிலேயே நடந்திருக்கிறது. முகாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் விண்ணப்ப நாள் போய்விடும்.

18 தாண்டியவர்களுக்கு இந்த முகாமில் இடமில்லை. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுப்பிரிவு என்று ஒன்று உண்டு. 15 முதல் 35 வயது வரை உள்ள யாரும் மாவட்ட அளவில் ஆடலாம், மாணவராக இருக்க வேண்டியதில்லை.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பு என்பது திட்டம். உங்கள் ஊராட்சியில் அது எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பொருள் பீரோவில் பூட்டிக் கிடந்தால் கேட்க நல்ல நாள் மே 1. அன்று கிராம சபை கூடும். உபகரணத்தை மாலை 5 முதல் 7 வரை யார் பொறுப்பில் கொடுப்பது, எந்தப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, பெண் பிள்ளைகளுக்கு எந்த நாட்கள் என்று தெளிவாக எழுதித் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். "விளையாட்டை ஊக்குவிக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பீரோ திறக்காது.

முகாமில் கற்ற பிள்ளைகள் ஊரில் தொடர்ந்து ஆட ஒரு கைப்பந்துக் களம் போதும். நீளம் 18 மீட்டர், அகலம் 9. நீளப்பக்கம் வடக்கு தெற்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் மாலைச் சூரியன் ஒரு அணியின் கண்ணில் அடிக்கும். நான்கு மூலையிலும் முளை அடித்த பின் இரண்டு மூலைவிட்டத்தையும் கயிற்றால் அளந்து பாருங்கள். இரண்டும் 20 மீட்டர் 12 சென்டிமீட்டர் வந்தால் நான்கு மூலையும் செங்கோணமாக இருக்கிறது. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் முளையை நகர்த்திவிட்டுத்தான் சுண்ணாம்பு போட வேண்டும். வலையின் மேல்விளிம்பு ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24, சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் இறக்கிக் கட்டுங்கள். கபடிக்கு ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கி, முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்து வையுங்கள். காய்ந்த தரையில் விழுந்தால் முழங்கால் தோல் உரிந்து வரும்.