ஏரனின் 715-ஐ மறுபடி பறக்கவிட்டது எப்படி?

2025 ஜூலை 15. அமெரிக்க பேஸ்பாலின் நட்சத்திர வீரர்கள் ஆண்டுக்கொரு முறை மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் அட்லாண்டாவின் ட்ரூயிஸ்ட் பார்க் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மைதான விளக்குகள் அணைந்தன. கும்மிருட்டில் புல்தரையே திரையானது. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ஹாங்க் ஏரன் அடித்த 715-ஆவது ஹோம் ரன்னின் காட்சிகள் அதன்மேல் ஓடின. மட்டையில் பந்து பட்ட நொடியில் வாணவேடிக்கைச் சுடர் ஒன்று சீறிக் கிளம்பி, அன்று அந்தப் பந்து போன வழியைக் காட்டியது. பார்வையாளர் வரிசையில் இருந்த ஏரனின் மனைவி பில்லி எழுந்து நின்று கையசைத்தார். ஏரன் 2021 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடித்த பந்து மைதான வேலியைத் தாண்டிப் போனால் அது ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்ஸர்போல. பேப் ரூத் 714 ஹோம் ரன்களுடன் 1935-இல் ஓய்வு பெற்றார். 39 ஆண்டுகள் யாரும் தொடாத அந்தச் சாதனையை ஒரு கறுப்பின வீரர் முறியடிக்கப்போகிறார் என்றதும் ஏரனுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அதையெல்லாம் சுமந்துகொண்டுதான் அன்றைய நான்காவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் அணியின் ஆல் டவுனிங் எறிந்த பந்தை அவர் வேலிக்கு அப்பால் அனுப்பினார். அது நடந்த அட்லாண்டாவின் பழைய மைதானம் 1997-இல் இடிக்கப்பட்டது. பின்னர் அங்கே வாகன நிறுத்துமிடம் வந்தது; பந்து தாண்டிய இடத்தில் மதிலின் ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆக, நிகழ்ந்த இடத்தில் நினைவுகூர வழியில்லை. வேறொரு மைதானத்தில், அதுவும் ஆட்டத்தின் நடுவே, சில நிமிடங்களுக்குள் அந்தப் பந்தை மறுபடி பறக்கவிட வேண்டும்.

இதில் எல்லோருடைய கண்ணும் புரொஜெக்டர் மேல்தான் போகும். எனக்கென்னவோ விளக்கை அணைத்ததுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே யோசனையை யாராவது சொல்லியிருந்தால் மைதானப் பொறியாளர் சிரித்திருப்பார். அன்றைய மைதானங்களில் எரிந்தவை மெட்டல் ஹாலைடு விளக்குகள். குவார்ட்ஸ் குழாய்க்குள் பாதரச ஆவியும் உலோக உப்புகளும் இருக்கும். அவற்றின் ஊடே பாயும் மின்வில்தான் ஒளி தரும். எரியும்போது குழாய்க்குள் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும். அணைத்த கையோடு மறுபடி போட்டால், அந்த அழுத்தத்தை மீறி மின்வில்லை உண்டாக்கப் பல்லாயிரம் வோல்ட் தேவைப்படும். சாதாரண இணைப்பில் அது நடக்காது. குழாய் ஆறும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். 2013-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தில் மின்சாரம் பாதி அரங்கில் போய், ஆட்டம் 34 நிமிடம் நின்றதில் இந்த ஆறும் நேரத்துக்கும் பங்கு உண்டு. எல்.இ.டி. விளக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. குறைக்கடத்தியில் மின்னோட்டம் நின்றால் ஒளி நிற்கும், பாய்ந்தால் ஒளி வரும். விளக்கை அணைத்து, அஞ்சலி செலுத்தி, உடனே ஆட்டத்தைத் தொடரலாம் என்ற வசதி பிறந்தது இதனால்தான்.

ஏன் முழுக்க அணைக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். தொலைக்காட்சிக்காக ஒளியூட்டப்பட்ட மைதானத்தில் தரையின்மேல் ஆயிரம் லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழும் (லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன் ஒளி விழுகிறது என்ற அளவு). பேஸ்பாலில் ஓடுபவர் தொட வேண்டிய ஒரு தளத்திலிருந்து (பேஸ்) அடுத்த தளம் 27.4 மீட்டர், எனவே உட்களச் சதுரத்தின் பரப்பு சுமார் 750 சதுர மீட்டர். 30,000 லூமன் ஒளி தரும் ராட்சத புரொஜெக்டர் ஒன்றின் ஒளி முழுவதையும் அந்தச் சதுரத்தில் பரப்பினால் கிடைப்பது வெறும் 40 லக்ஸ். ஆயிரத்தில் நாற்பது என்பது பட்டப்பகலில் டார்ச் அடித்த கதை. அதனால்தான் பல புரொஜெக்டர்களை ஒரே இடத்தின்மேல் அடுக்கி ஒளியைக் கூட்டுகிறார்கள், விளக்குகளையும் அணைக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் புல். சினிமாத் திரை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். புல்லில் உள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுப் பச்சையில் கொஞ்சத்தை மட்டும் திருப்பித் தரும்; பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். பக்கத்திலேயே செம்மண் தரை. அது சிவப்பைத் தாராளமாகத் தந்து நீலத்தைக் குறைக்கும். ஒரே படம் புல்லில் ஒரு நிறமாகவும் மண்ணில் வேறொரு நிறமாகவும் தெரியும். ஆகவே தரையின் எந்தப் பகுதி எந்த நிறத்தை எவ்வளவு திருப்புகிறது என்று முன்கூட்டியே அளந்து, படத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எதிர்த்திசையில் நிறத்தைத் திருத்தி வைக்க வேண்டும். முதல்நாள் புல் வெட்டிய விதம் மாறினால்கூட அளவு கொஞ்சம் மாறும்.

பிறகு கோணம். புரொஜெக்டர் தரைக்கு நேர்மேலே தொங்க முடியாது. அரங்கின் உயரத்திலிருந்து சாய்வாகத்தான் ஒளியை வீசும். சதுரமாக அனுப்பிய படம் தரையில் போய்ச் சரிவகமாக விரியும். அதற்காகக் கணினி படத்தை முன்கூட்டியே எதிர்ப்புறமாகக் கோணலாக்கி அனுப்புகிறது. தளங்கள், பந்தை எறிபவர் நிற்கும் எறிமேடு, மட்டையாளர் நிற்குமிடத்து பிளேட் என இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளிகள் அடையாளக்குறிகளாக உதவுகின்றன. கிரிக்கெட்டில் ஸ்டம்புக்குப் பின்னால் புல்லில் வரையும் விளம்பரச் சின்னம் நினைவிருக்கிறதா? தொலைக்காட்சியில் அது பலகைபோல நிமிர்ந்து நிற்கும்; மைதானத்துக்குள் நடந்து போய்ப் பார்த்தால் இழுத்து நீட்டிய கோலம். தரையில் விழும் எந்தப் படமும் ஏதோ ஓர் இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாக இருக்கும். அந்த இடத்தை முக்கியக் கேமராவுக்குக் கொடுப்பதா, டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுப்பதா என்பதில் ஒரு சின்ன அரசியல் இருக்கிறது. பெரும்பாலும் கேமராதான் ஜெயிக்கும்.

மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குள் இன்னொருவர் படும் பாடு யாருக்கும் தெரிவதில்லை. கேமராக்கள் அனைத்தின் ஒளித்துளையையும் தொலைவிலிருந்தே திருகும் வீடியோ பொறியாளர் அவர். முன்னால் கேமராவுக்கு ஒன்றாகக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். விளக்கு அணையும் நொடியில் தரை வெளிச்சம் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து சில பத்துகளுக்கு இறங்கும். புகைப்படக்காரர்கள் கணக்கில் ஏறக்குறைய ஐந்து ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. அத்தனை கேமராக்களையும் ஒருசேரத் திறக்க வேண்டும். கூடுதலாகத் திறந்தால் சுடர் கிளம்பும்போது திரை முழுக்க வெள்ளையாகிவிடும். குறைவாகத் திறந்தால் புல்லில் ஓடும் ஏரன் நிழலாகிவிடுவார். தானியங்கி முறையிடம் விட்டால் இருட்டைப் பார்த்துத் திறந்து, சுடரைப் பார்த்து மூடி, படத்தை மூச்சு வாங்க வைக்கும். ஆகவே இதைக் கையால்தான் செய்தாக வேண்டும்.

இப்போது பந்து. பள்ளிக்கூடத்தில் எறிபொருளின் பாதை பரவளையம் என்று படித்தோம். ஹோம் ரன் பந்து அதைப் பொருட்படுத்துவதில்லை. மணிக்கு 162 கிலோமீட்டர் வேகத்தில், 28 பாகைச் சாய்வில் கிளம்பும் பந்து காற்றே இல்லாத உலகில் 170 மீட்டர் போகும். உண்மையில் 120 மீட்டர் அளவில் விழுந்துவிடும். மீதியைக் காற்றின் தடை தின்றுவிடுகிறது. அதேசமயம் மட்டை பந்தின் அடிப்பகுதியைத் தேய்ப்பதால் பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ளுவதால் மேக்னஸ் விசை பந்தை மேலே தாங்குகிறது. விளைவு, பந்து எதிர்பார்த்ததைவிட அதிக நேரம், ஏறத்தாழ ஐந்து நொடி, அந்தரத்தில் இருக்கும். ஏறும்போது நீளமாக, மெதுவாக வளைந்து, உச்சியைப் பாதி வழிக்கு அப்பால் தொட்டு, இறங்கும்போது ஏறியதைவிடச் சரிவாக விழும். இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வடிவம் அத்துப்படி. நினைவஞ்சலிச் சுடர் வேறு வடிவத்தில் போனால் ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் எதுவோ சரியில்லை என்று தோன்றிவிடும்.

1974-இன் ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று டாட்ஜர்ஸ் அணிக்காக வர்ணனை செய்தவர் வின் ஸ்கல்லி. அவரும் 2022 ஆகஸ்டில் மறைந்தார். பந்து வேலியைத் தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கூட்டத்தின் ஆரவாரத்தையே அரை நிமிடம்போலக் கேட்கவிட்டு, அதன்பிறகுதான் அமெரிக்கத் தென்பகுதியில் ஒரு கறுப்பினத்தவருக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவதன் பொருளைச் சொன்னார். அதனால்தான் அந்தப் பதிவில் கூட்டத்தின் ஒலி சேதமில்லாமல் கிடைக்கிறது.

அஞ்சலிகளில் மிகப் பழையதும் மிகச் சிக்கனமானதுமான மௌனத்திலும் இயற்பியல் இருக்கிறது. நாற்பதாயிரம் பேர் தனித்தனியே பேசும்போது அவர்களின் ஒலியாற்றல் கூடுகிறது. அதில் நாற்பது பேர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 30 டெசிபெல் சரிவு. ஆயிரத்தில் 999 பேர் வாயை மூடியும் காதுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். எங்கோ ஓர் ஆள் கத்தினால் அரங்கம் முழுக்கக் கேட்பதும் இதனாலேயே. ஒலிபரப்பில் இதற்கு மேலும் ஒரு பொறி உண்டு. சத்தம் குறைந்தால் தானாகவே அளவைக் கூட்டும் கருவிகள், மௌனத்தைப் பார்த்ததும் பின்னணி இரைச்சலை ஏற்றிவிடும். கொடிமரத்துக் கயிறு மோதும் ஒலி இடிபோலக் கேட்கும். மைக்குகளை மொத்தமாக மூடிவிட்டாலோ, ஒலி அறுந்துவிட்டது என்று நிலையத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும். வீட்டில் இருப்பவர் ரிமோட்டைத் தேடுவார். ஆகவே ஒலிக்கலவையாளர் கூட்டத்தை நோக்கிய மைக்குகளைத் திறந்தே வைத்து அளவைக் கையால் பிடித்துக்கொள்கிறார். தொலைக்காட்சியில் நாம் கேட்கும் மௌனம், ஒருவர் அளந்து ஊற்றிய மௌனம்.

இவ்வளவு நுட்பமும் கைவசம் இருந்தும் சறுக்கிய ஒரு முயற்சி உண்டு. 2022 ஆகஸ்ட் 11 அன்று, அயோவா மாநிலத்தில் டையர்ஸ்வில் ஊரின் சோளக்காட்டுக்கு நடுவே கப்ஸ் அணியும் ரெட்ஸ் அணியும் ஆடின. ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் கூட்டம் எழுந்து நின்று பாடுவது வழக்கம். கப்ஸ் ரசிகர்களை அப்படிப் பாடவைத்தே புகழ்பெற்ற வர்ணனையாளர் ஹாரி கேரே 1998-இல் இறந்துவிட்டார். ஃபாக்ஸ் தொலைக்காட்சி அவரது உருவத்தைக் கணினியால் எழுப்பி, பாடவைத்துக் காட்டியது. ஹாலோகிராம் என்று சொன்னார்கள். டென்னிஸ் காபோர் கண்டுபிடித்து 1971-இல் நோபல் பரிசு பெற்ற ஹாலோகிராம், ஒளி அலைகளின் குறுக்கீட்டுக் கோலத்தைப் பதிவு செய்வது. தொலைக்காட்சியில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் கேமராப் படத்தின்மேல் ஒட்டிய கணினி உருவம்தான்.

அப்படி ஒட்டுவது சுலபமல்ல. கேமரா எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, லென்ஸ் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு பிரேமிலும் உணரிகள் சொல்ல வேண்டும். 0.1 பாகை பிசகினால் 100 மீட்டர் தொலைவில் 17 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். நிற்கும் மனிதர் வழுக்குவதுபோல் தெரிவார். இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். மிஞ்சுவது முகம். மனிதனைப்போலவே இருந்து ஆனால் முழுக்க மனிதனாக இல்லாத உருவம் சட்டென்று அருவருப்பூட்டும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார். முகங்களைப் படிப்பதில் நம் மூளை அவ்வளவு கறாரானது. அன்று சமூக வலைத்தளங்களில் பலர் பயமாக இருக்கிறது என்றுதான் எழுதினார்கள்.

ஏரனின் 715 ஏன் எடுபட்டது என்பதற்கு என் விளக்கம் இதுதான்: அங்கே காட்டியவை உண்மையாகவே நடந்தவை. பழைய நாடாவில் இருந்த படம், உண்மையான பந்து போன வழி. கேரே அந்த இரவில் பாடவில்லை, பாடியதாகக் காட்டினார்கள்.

இந்த வேறுபாட்டுக்கு என்னிடம் உள்ள சிறந்த சாட்சி ஒரு குரல். நியூயார்க் யாங்கீ மைதானத்தில் 1951 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் வீரர்களின் பெயரை அறிவித்தவர் பாப் ஷெப்பர்ட். தான் களமிறங்கும்போது அவர் குரல்தான் அறிவிக்க வேண்டும் என்று யாங்கீஸ் அணியின் நட்சத்திர வீரர் டெரெக் ஜீட்டர் கேட்டுப் பதிவுசெய்து வைத்துக்கொண்டார். 2010-இல் ஷெப்பர்ட் 99 வயதில் இறந்த பிறகும், 2014-இல் ஜீட்டர் ஓய்வு பெறும்வரை, சொந்த மைதானத்து ஆட்டங்களில் அந்தப் பதிவே ஒலித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2009-இல் திறந்த புதிய மைதானத்தில் ஷெப்பர்ட் ஒரு நாள்கூட மைக் முன் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பிய குரல், அந்தப் புதிய கட்டடத்தின் அடுக்குகளில் மோதி அதன் எதிரொலியைச் சேர்த்துக்கொண்டு வந்ததால், அங்கேயே உட்கார்ந்து பேசுவதுபோலத்தான் கேட்டது. யாரும் பயப்படவில்லை. இன்று அதே பதிவுகளை மென்பொருளுக்குக் கொடுத்தால் நேற்று அணியில் சேர்ந்த இளைஞனின் பெயரையும் ஷெப்பர்டின் குரலில் சொல்லிவிடும். அது ஜீட்டர் பத்திரப்படுத்திய குரலோடு சேராது. சோளக்காட்டில் பாடிய கேரேயோடுதான் சேரும்.