வலிக்க வலிக்க கிளெமென்டி வாசிக்காதீர்கள்

முன்கையில் வலி, சுண்டுவிரல் பக்கம் இறுக்கம், காலையில் கட்டைவிரலை மடக்க முடியவில்லை. இப்படி இன்னொரு மாணவர் வந்து நிற்கிறார். பியானோ இசையமைப்பாளர் கிளெமென்டியின் ஓபஸ் 36 (ஓபஸ் என்பது படைப்பு எண்) சொனாட்டினாக்களை, அதாவது சிறிய எளிய சொனாட்டாக்களை முடித்த கையோடு, ஆக்டேவ்கள் (ஒரே சுரத்தின் கீழ், மேல் கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது) நிறைந்த ஓபஸ் 2 எண் 2 சொனாட்டாவுக்குத் தாவியிருக்கிறார். தினமும் இரண்டு மணி நேரம், முழு வேகத்தில்!

"வலித்தால்தான் கை பழகும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. மடக்கும் தசையும் விரிக்கும் தசையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு நின்றால் அந்த வலி வரலாம். அது பலம் ஏறுவதன் அடையாளமே அல்ல. வலியோடு நூறு முறை வாசித்தால் அந்த இறுக்கம்தான் நூறு முறை பழகும். தேர்வு மேடையிலும் அதுவே வந்து நிற்கும். வேகம் கிடைப்பது, வேலையில்லாத தசை ஓய்ந்திருக்கும்போதுதான்.

1781 டிசம்பர் 24 அன்று வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் முன்னிலையில் மோட்சார்ட்டும் கிளெமென்டியும் போட்டி போட்டு வாசித்தார்கள். 1783-இல் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மோட்சார்ட் கிளெமென்டியைக் கடுமையாகவே பேசுகிறார். ஆனால் கிளெமென்டியின் சொனாட்டாக்களில் வரும் ஆக்டேவ் போன்ற பகுதிகளை அதிகம் பயிற்சி செய்தால் கையின் அமைதியும் இலகுவும் கெடும் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பியது நூற்றுக்கு நூறு சரி. கிளெமென்டியே 1806-இல் தன் மாணவர் லுட்விக் பெர்கரிடம், அந்தக் காலத்தில் பளபளப்பான விரல் வித்தையில்தான் மகிழ்ந்ததாகவும், பாடும் பாணி பின்னால்தான் வந்ததாகவும் சொல்லியிருக்கிறார். அன்றைய பியானோவின் கட்டைகளும் இலகுவானவை, ஆழம் குறைந்தவை. இன்றையது சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும், அசைக்கவே ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். கணக்குப் பார்க்காமல் பழைய வேகத்தைத் துரத்தாதீர்கள்.

தேர்ட்ஸ் (நடுவில் ஒரு சுரம் விட்டு இரண்டு சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) வரும் இடங்களில் மேல் குரலை மட்டும் இழைத்து வாசியுங்கள், பிறகு கீழ்க் குரலை மட்டும். இரண்டையும் சேர்க்கும்போது, கட்டைவிரலை 1 என்று எண்ணி, 1-3, 2-4, 3-5 விரல் ஜோடிகளாக நகர்ந்து, நான்கு ஜோடிக்கு ஒருமுறை நின்று தோளைத் தளர்த்துங்கள். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியில் நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கினால் போதும். ஆக்டேவில் பெரும்பாலோர் செய்யும் தவறு, இரண்டு ஆக்டேவுக்கு நடுவிலும் கையை விரித்தே வைத்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் பிறகு உள்ளங்கை சுருங்க வேண்டும். முதலில் கட்டைவிரல் வரியை மட்டும் தனியாக வாசியுங்கள். கறுப்புக் கட்டையில் கை எட்டினால் நான்காம் விரல், எட்டாவிட்டால் ஐந்தாம் விரலே போதும். ஒரே அமர்வில் இதற்குப் பத்து நிமிடம்தான். பெடலை மிதித்துக் குறையை மூடாதீர்கள்!

வலி வந்த நொடியே நிறுத்துங்கள். மறுநாளும் இருந்தால், மரத்துப்போனால், மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துவிட்டு மறுபடி உட்காராதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கிளெமென்டி வாசிக்க ஆசைப்பட்டால் ஓபஸ் 25 எண் 5, எஃப் ஷார்ப் மைனர் சொனாட்டாவின் மெதுவான நடுப்பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வேகமான கடைசிப் பகுதியின் தேர்ட்ஸுக்குக் கை தானாகத் தயாராகும்வரை அது காத்திருக்கட்டும்.