1955இல் வந்த கிரகணத்தின் வாரிசு

2027 ஓகஸ்ட் 2ஆம் திகதி தென் ஸ்பெயின், மொரோக்கோ, எகிப்து, சவூதி, யேமன் என்று பட்டப்பகலில் இருட்டிக்கொண்டே போகப் போகிறது. எகிப்தின் லக்சர் பக்கம் அந்த இருட்டு 6 நிமிடம் 23 செக்கன் நிற்கும். மலையகத்துக்கு மாலையில் பகுதிக் கிரகணம் மட்டும்தான். ஆனாலும் இது நமக்கு அந்நியமில்லை. 1955 ஜூன் 20 காலையில் பொலன்னறுவைப் பக்கத்தை இருளாக்கிய முழுக் கிரகணத்தின் வாரிசு இது. அன்று கருவிகளோடு கப்பலேறி வந்த விஞ்ஞானிகளை மேகம் ஏமாற்றிவிட்டது. ஜூன் மாதத்தில் இலங்கை வானத்தை நம்பினால் வேறென்ன நடக்கும்!

சூரியன் சந்திரனைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது; ஏறக்குறைய 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால்தான் சின்னச் சந்திரனால் அதை மூட முடிகிறது. சரி, அமாவாசைதோறும் ஏன் மூடுவதில்லை? பூமி சூரியனைச் சுற்றும் பாதையோடு ஒப்பிட்டால், சந்திரனின் பாதை 5 பாகை சாய்ந்தது. பெரும்பாலான அமாவாசைகளில் அதன் நிழல் பூமிக்கு மேலாலோ கீழாலோ தப்பிப் போய்விடும். இரு பாதைகளும் வெட்டும் புள்ளிகளுக்குக் கிட்ட அமாவாசை வந்தால்தான் கிரகணம். பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று கணிப்பது இந்தப் புள்ளிகளைத்தான். முழுதாக மூடுவதற்குச் சந்திரன் பூமிக்குக் கிட்டவும் இருக்க வேண்டும். தள்ளியிருந்தால் 2019 டிசம்பர் 26இல் யாழ்ப்பாணத்தில் தெரிந்ததுபோல் ஒரு வளையம் மிஞ்சும்.

அமாவாசை, வெட்டுப்புள்ளி, தூரம் மூன்றும் 18 ஆண்டு, 11 நாள், 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிட்டத்தட்டப் பழையபடியே கூடுகின்றன. இதுதான் சாரோஸ் சுற்று. குறும்பு செய்வது அந்த 8 மணித்தியாலம். அதற்குள் பூமி மூன்றிலொரு சுற்று கூடுதலாகச் சுழன்றுவிடுவதால், நிழல் அவ்வளவு தூரம் மேற்கே தள்ளி விழும். 1973இல் ஆபிரிக்கா, 1991இல் ஹவாயும் மெக்சிக்கோவும். மூன்றாவது முறை, 2009 ஜூலை 22இல், திரும்ப நம் பக்கம் வந்தது. ஆனால் வடக்கே விலகி, சூரத், வாரணாசி வழியாகச் சீனாவுக்குப் போய்விட்டது. அடுத்த முறைதான் 2027, மறுபடி மேற்கே.

ஓகஸ்ட் மாலையில் அட்டன், நுவரெலியாப் பக்கம் மூடுபனி சகஜம். தென்மேல் பருவக்காற்று மழையை அங்கேயே கொட்டிவிடுவதால், வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வெயிலுக்கு வாய்ப்புக் கூட. வெறுங்கண்ணாலோ, கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம் வழியாகவோ சூரியனைப் பார்க்கவே கூடாது. பிஸ்கட் பெட்டி மட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, வெயில் படும் லயத்துச் சுவரிலிருந்து 1 மீற்றர் தள்ளிப் பிடியுங்கள். சுவரில் விழுவது துளையின் வடிவமல்ல, சூரியனின் வடிவம்: சுமார் 9 மில்லிமீற்றர் அகலத்தில், ஒரு பக்கம் கடிபட்டு. மட்டையை இன்னும் தள்ளிப் பிடித்தால் படம் பெரிதாகும், வெளிச்சம்தான் மங்கும்.