சிவப்பு ஒயின் குடித்தால் வாய் ஏன் வறள்கிறது?

ஓசூரில் விலை குறைந்த சிவப்பு ஒயின் ஒன்றை வாங்கி முதல்முறை குடிக்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "என்னங்க, வாயெல்லாம் துவர்க்குது!" மலிவான சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவு சரியில்லை. இத்தாலியின் பரோலோ போன்ற விலை உயர்ந்த ஒயின்களும் வாயை நன்றாகவே துவர்க்க வைக்கும்.

காரணம், திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள். பெரும்பாலான திராட்சை ரகங்களில் சாற்றுக்கு நிறம் கிடையாது. நிறம் தோலில்தான் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குப் பழத்தைத் தோலும் விதையுமாக நொதிக்க விடுவதால், நிறத்தோடு டானினும் இறங்கிவிடுகிறது. வெள்ளை ஒயினில் தோலை முன்னாடியே நீக்கிவிடுவார்கள்.

நம் எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் உண்டு. டானின் இவற்றைப் பிடித்துக்கொள்ளும்போது இரண்டும் சேர்ந்து திரிந்துவிடுகின்றன. எச்சிலின் வழவழப்பு குறைகிறது. நாக்கும் அண்ணமும் உரசுகின்றன. நாவல் பழம் தின்ற பிறகு வாய் வறண்ட மாதிரி இருப்பதும் இதே காரணத்தால்தான். அறுசுவையில் துவர்ப்புக்கு நாம் இடம் கொடுத்திருக்கிறோம். ஆனால் அது பெரும்பாலும் தொடு உணர்வைச் சேர்ந்தது என்பதே இன்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்னொன்றையும் கவனிக்கலாம். புது எச்சில் ஊறுவதற்குள் அடுத்த மிடறு போனால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். ருசி பார்க்கிறவர் அவசரப்படக் கூடாது.

கறியோடு குடித்தால் துவர்ப்பு தணிகிறது. டானின் கறியின் புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது, கொழுப்பு வாய்க்கு வழவழப்பைத் திருப்பித் தருகிறது. சரி, அப்படியானால் நம் பக்கத்து ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் பொருத்தமா? அங்கேதான் மிளகாய் குறுக்கே வருகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், வாயில் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற வெப்ப உணர்வியைத் தூண்டுகிறது. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் இந்த உணர்வி வேலை செய்யத் தொடங்கும். ஆல்கஹால் அந்த எல்லையைச் சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் உடம்புச் சூடே 37 டிகிரி! காரக் குழம்பும், 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினும் ஒரே உணர்வியைத்தான் உசுப்புகின்றன. எரிச்சல் கூடுகிறது, பழி ஒயின் மேல் விழுகிறது. மிளகாய் குறைத்து வறுத்த கறி என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம் வெப்பநிலை. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பியக் குளிர்நாட்டு வீடுகளை வைத்துச் சொன்னது. கணக்கு 16 முதல் 18 டிகிரி வரை. சித்திரை வெயிலில் தருமபுரி வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டிலுக்கு இது எப்படிப் பொருந்தும்? சூடான ஒயினிலிருந்து ஆல்கஹால் ஆவி வேகமாகக் கிளம்பி, பழ வாசனையை அமுக்கிவிடும். அந்த அளவுக்குக் குளிரும்வரை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். அதிகம் குளிர்ந்தாலும் வாசனை அடங்கி, துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், மார்கழி இரவுகளில் இந்தத் தொல்லை குறைவு.

விலையும் ருசியில் கலந்திருக்கிறது. 2008-இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில் 20 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே ஒயின் கொடுத்தார்கள். 5 டாலர் ஒயினையே 45 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது அது அவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது. மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள ஒரு பகுதியும் அதிகம் இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே ரசித்திருக்கிறார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, விலை தெரியாமல் ருசி பார்த்த 6,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை அலசியது. அதில் சாதாரண மக்களுக்கு விலை அதிகமான ஒயின்கள் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தன.

வீட்டிலேயே சோதிக்க நினைத்தால், இரண்டு பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போடுங்கள். சுற்றியவர் வெளியே போய்விடட்டும், வேறொருவர் ஊற்றட்டும். எது எந்த விலை என்று ஊற்றுகிறவருக்குத் தெரிந்தால், அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.