கோஸோ தீவுக்குப் போகிறீர்களா? பாறை விளிம்பைக் கவனியுங்கள்

2017 மார்ச் 8 அன்று காலை, மால்டா நாட்டின் கோஸோ தீவில் துவேய்ரா கடலோரம் நின்றிருந்த 'நீலச் சாளரம்' என்ற கல் வளைவு புயலில் இடிந்து கடலுக்குள் போனது. வளைவைத் தாங்கிய தூணும் மிஞ்சவில்லை. அந்த உச்சியில் ஏறி நின்று படம் எடுத்தவர்களும், அங்கிருந்து கடலில் குதித்தவர்களும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏராளம்.

பாறைச் சரிவுகளை ஆராய்வது என் தொழில். மால்டா போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் "விளிம்புக்குப் போகாதீர்கள்" என்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் விளிம்பில் நின்றே படம் அனுப்புவார்கள். காரணத்தை விளக்கினால்தான் காலைப் பின்னால் வைக்கிறார்கள். அதனால் காரணத்தையே எழுதுகிறேன்.

கோஸோவின் பரப்பு சுமார் 67 சதுர கிலோமீட்டர்தான். மால்டாவின் சிர்க்கேவா துறையில் கப்பல் ஏறினால் அரை மணிக்குள் இறங்கிவிடலாம். தீவு முழுக்கக் கடலடியில் படிந்து உருவான பாறை. மேலே கெட்டியான பவளச் சுண்ணாம்புப் பாறை. அதன் கீழே மெல்லிய பச்சை மணற்பாறை. அப்புறம் நீலக் களிமண். அதற்கும் கீழே மென்மையான குளோபிஜெரினா சுண்ணாம்புப் பாறை. அடியில் மறுபடியும் கெட்டியான பவளப் பாறை. இந்த வரிசையை நினைவில் வைத்தால் தீவின் பாதி விஷயம் புரிந்துவிடும்.

நடுவிலுள்ள களிமண்தான் முக்கியம். மேல்பாறையின் விரிசல்களில் இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. ஆறில்லாத இந்தத் தீவில் சரிவுகள் பச்சையாக இருப்பதற்கு அந்த ஊற்றுகள் பெரிய காரணம். ஆனால் அதே களிமண் மழைக்காலத்தில் ஊறி இளகும்போது, மேலே இருக்கும் கெட்டிப் பாறை ஈரச் சோப்பின் மேல் வைத்த பலகை மாதிரி நகரத் தொடங்குகிறது. ஓரம் விரிசல் விட்டு, வீடளவு பாளமாகக் கழன்று உருளும்.

ரம்லா கடற்கரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். செம்பொன் நிற மணல். இரு பக்கமும் களிமண் சரிவு. சரிவெங்கும் மேலிருந்து வந்து கிடக்கும் பாறைகள். அந்தப் பாறைகளின் நிழலில் துண்டை விரிக்க ஆசையாக இருக்கும். வேண்டாம். மழைக்குப் பிறகு சரிவில் குறுக்குவழி தேடுவதும் வேண்டாம். களிமண் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். பின்புறம் இருக்கும் மணல்மேடுகள் பாதுகாக்கப்பட்டவை, பாதையிலேயே நடங்கள். வடக்குக் காற்று வீசும் நாளில் இங்கே நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்க வேண்டாம். ஊதாக் கொடி என்றால் ஜெல்லி மீன்.

தலைநகர் விக்டோரியாவின் நடுவே குன்றின் மேல் நிற்கும் சித்தாதெல்லா கோட்டையும் இதே அமைப்புதான்: கெட்டிப் பாறை மேலே, களிமண் கீழே. 1551இல் துருக்கிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்து, தீவு மக்களில் பெரும்பாலானவர்களை, ஏறத்தாழ 5,000 பேரை, அடிமைகளாகக் கொண்டு போனது. அதன் பிறகும் தீவுவாசிகள் இரவில் கோட்டைக்குள்தான் தூங்க வேண்டும் என்ற சட்டம் 1637 வரை இருந்தது. மதில் மேல் நின்று சுற்றிலும் கடலைப் பார்க்கும்போது அந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. மதிலைத் தாங்கும் பாறை விளிம்பு களிமண் நெகிழ்வால் பிளக்கத் தொடங்கியதால், அதைக் கட்டி நிறுத்தும் வேலைகள் நடந்திருக்கின்றன.

ஜிகந்தியா கோயில்களுக்கு அவசரமில்லாமல் போங்கள். கி.மு. 3600 வாக்கில் தொடங்கிக் கட்டியவை, எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தவை. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். கட்டியவர்களுக்குக் கல்லின் குணம் தெரிந்திருக்கிறது. வெளிச்சுவருக்குக் கெட்டியான பவளப் பாறை, உள்ளே வாசலுக்கும் பலிபீடத்துக்கும் செதுக்க எளிதான குளோபிஜெரினா. அந்த மென்கல் மழையிலும் உப்புக்காற்றிலும் செதில் செதிலாக உரியும், விரல் பட்டாலே பொடி ஒட்டும். தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று பாருங்கள்.

துவேய்ராவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அடிப்பாறை கெட்டிதான், களிமண் வம்பு இல்லை. ஆனால் அலை அடியில் குடைந்துகொண்டே இருக்கிறது. மேலே நிற்பவருக்குக் காலடியில் பாறை இருப்பதாகத் தோன்றும், கீழே வெற்றிடமாக இருக்கும். விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல் தெரிந்தால் அதைத் தாண்டாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பது விழப்போகும் பாளம். கீழே நடப்பவர்கள் பாறை முகத்தின் நிறத்தைப் பாருங்கள். பழைய முகம் சாம்பல் நிறமாகக் கறுத்திருக்கும். நடுவே வெளுத்த திட்டு இருந்தால் அங்கிருந்து சமீபத்தில் கல் விழுந்திருக்கிறது.

பக்கத்திலேயே 'உள்கடல்' என்ற சிறு காயல் இருக்கிறது. குகை இடிந்து உருவானது. கடல் அமைதியாக இருக்கும் நாளில் படகுக்காரர்கள் பாறைச் சுரங்கம் வழியாக வெளிக்கடலுக்குக் கூட்டிப்போவார்கள். வானம் தெளிவாக இருந்தும் அலையைப் பார்த்துப் படகை எடுக்காமல் கரையில் உட்கார்ந்திருக்கிறார்களா? அன்றைக்கு நீங்களும் அலையடிக்கும் பாறைத் திட்டுகளில் இறங்காதீர்கள்.