கேமரா வருவதற்கு முந்தைய வாரம்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பம்ப் ஆலைகளுக்கும் ஃபவுண்ட்ரிகளுக்கும் பின்னலாடை நிறுவனங்களுக்கும் அறிமுகப் படங்கள் எடுத்துத் தருவது பதினைந்து ஆண்டுகளாக என் தொழில். படம் எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று வருந்தும் நிறுவனத்தாரிடம் பேசிப் பார்த்தால், குறை பெரும்பாலும் கேமராவிலோ படத்தொகுப்பிலோ இருப்பதில்லை. படப்பிடிப்புக்கு முந்தைய வாரத்தில் யாரும் எடுக்காமல் விட்ட சில முடிவுகளில் இருக்கிறது. படக்குழுவுக்கும் கருவிகளுக்கும் நாள் கணக்கில்தான் கட்டணம். பத்து மணி நேரமும் வேலை நடந்தாலும், அதில் பாதி நேரம் மேலாளர் ஒருவரின் வருகைக்காகக் காத்துக் கிடந்தாலும் தொகை ஒன்றே.

அந்த முடிவுகளில் முதலாவது, படத்தை யார், எந்த இடத்தில் பார்க்கப் போகிறார்கள் என்பது. "எல்லாருக்கும் பொதுவாக ஒரு படம் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களே அதிகம். ஆனால் கொடிசியா வளாகத்தில் நடக்கும் கண்காட்சியில், ஸ்டாலில் ஓடும் படத்தைப் பார்ப்பவர் இரைச்சலுக்கு நடுவே நடந்து போகிறவர்; அவருக்குப் பின்னணிக் குரல் கேட்கவே கேட்காது, இயந்திரத்தின் அசைவும் திரையில் வரும் எழுத்தும்தான் செய்தியைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு பையர், அதாவது சரக்கை வாங்குபவர், தம் மேசையில் அமர்ந்து, ஆய்வுக்கூடத்தையும் தரச் சோதனையையும் நிதானமாகப் பார்க்க விரும்புவார். வேலை தேடும் ஐடிஐ மாணவரோ கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கேன்டீனும் விடுதியும் எப்படி இருக்கின்றன என்று தேடுவார். மூவருக்கும் ஒரே படம் பொருந்தாது. எனினும் மூன்று படங்களுக்கும் வேண்டிய காட்சிகளை, முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒரே நாளில் எடுத்துவிட முடியும். 4கே காட்சி ஒன்றின் அளவு 3840க்கு 2160 புள்ளிகள் என்பதால், அதிலிருந்து நிமிர்ந்த சட்டகமாக வெட்டும்போது 1215 புள்ளி அகலம் கிடைக்கிறது, ரீல்ஸுக்குத் தேவையான 1080ஐ விட அது கூடுதல்தான். ஆனால் ஆளும் இயந்திரமும் சட்டகத்தின் நடுப்பகுதிக்குள் அடங்கும்படி எடுத்திருந்தால்தான் அப்படி வெட்ட முடியும் என்பதால், "ரீல்ஸும் வேண்டும்" என்பதைப் படத்தொகுப்பின்போது சொல்வதில் பயனில்லை.

அடுத்தது நேர அட்டவணை. இதை நாங்கள் எழுதக் கூடாது, ஆலையின் உற்பத்தி மேற்பார்வையாளர்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபவுண்ட்ரியில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும் காட்சியைவிட அழகான காட்சி அந்த வளாகத்தில் வேறு இல்லை. ஆனால் காலையிலும் மாலையிலும் வரும் உச்ச நேர மின்கட்டணத்தைத் தவிர்க்க, உருக்கும் வேலையை அந்த நேரங்களுக்கு வெளியே வைத்துக்கொள்ளும் ஆலைகள் உண்டு. நல்ல வெளிச்சம் இருக்கும் வேளையில் நாங்கள் போய் நின்றால் உலை ஆறிக் கிடக்கும். ஊற்றும் நேரத்தை மையமாக வைத்து, அதைச் சுற்றி மற்றவற்றை அடுக்குவதே சரி. ஷிப்ட் மாறும் நேரம், உணவு இடைவேளை, சரக்கு லாரி வந்து வாசலை மறிக்கும் நேரம் எல்லாம் அந்த மேற்பார்வையாளருக்கு மனப்பாடம்.

ஒருமுறை ஐந்து பேர் கொண்ட குழுவுடன் காலை ஏழு மணிக்கே ஓர் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன். முந்தைய நாள் செய்தித்தாளிலேயே அந்தத் துணை மின்நிலையத்தின் பெயர் வந்திருந்தது. அவர்களிடம் இருந்த ஜெனரேட்டர் அலுவலகத்துக்கு மட்டும் போதுமானது. அன்று மாலை ஐந்து மணி வரை பெயர்ப்பலகையையும் தோட்டத்தையும்தான் எடுத்தோம், பல கோணங்களில். எங்கள் கவனக்குறைவும் அதில் உண்டு. அன்றிலிருந்து தேதியை முடிவு செய்யும் முன் ஷட்டவுன் அறிவிப்பை நானே பார்த்துவிடுகிறேன்.

எதைக் காட்டக் கூடாது என்பதை, காட்ட வேண்டியவற்றைவிடக் கவனமாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஏற்றுமதி நிறுவனங்கள் பலவற்றுக்குத் தங்கள் பையர்களோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கும். அப்படியிருக்க, ஒரு பையரின் லேபிள் தைத்த சட்டைகள் பேக்கிங் மேசையில் குவிந்திருப்பதை இன்னொரு பையர் பார்க்கும் படத்தில் வைப்பது எவ்வளவு பெரிய சங்கடம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைப்பலகையில் எழுதிய உற்பத்தி எண்ணிக்கை, கணினித் திரையில் திறந்திருக்கும் வரைபடம், சுவரில் ஒட்டிய விலைப்பட்டியல் ஆகியவையும் அப்படியே. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒருவர் கடைசல் இயந்திரத்தில் நிற்கும் காட்சி, எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், பாதுகாப்புத் தணிக்கை செய்பவர் கண்ணில் முதலில் படும். இவற்றைக் கவனித்து "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரமுள்ள ஒருவர், அன்று வேறு வேலை இல்லாமல், எங்களுடனேயே இருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்திருக்கும் இளைஞரை அனுப்பிவைத்தால் அவருக்கு எங்களை நிறுத்தவும் தயக்கம், எந்தப் பிரிவுக்குள்ளும் அழைத்துப் போகவும் தயக்கம்.

ட்ரோன் காட்சியைக் கேட்காத நிறுவனம் இப்போது இல்லை. விமான நிலையம் பீளமேட்டிலும் விமானப் படைத்தளம் சூலூரிலும் இருப்பதால், கோவையின் தொழிற்பகுதிகள் பலவற்றில் முன் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி எந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது.

பேட்டிகளில் நாங்கள் முதலில் கேட்பது அழகான அறையை அல்ல, அமைதியான அறையை. ஏசியையும் மின்விசிறியையும் கால் மணி நேரம் அணைத்து வைக்க முடிய வேண்டும். சுவருக்கு அப்பால் கம்ப்ரசர் ஓடினால் காலர் மைக் அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். நெருக்கமான கோடு போட்ட சட்டை திரையில் அலை அலையாய் நெளியும் என்பதால் வெற்று நிறமே உத்தமம். ஒளியைப் பொறுத்தவரை, நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதற்கேற்ப விளக்கொளி திரையில் மினுக்காதபடி கேமராவின் ஷட்டர் வேகத்தை வைப்பது எங்கள் பொறுப்பு. மலிவான எல்இடி விளக்குகள் அதையும் மீறிச் சில வேளை மினுக்கும் என்பதால், முந்தைய நாளே ஒரு சோதனைப் பதிவு எடுத்துவிடுவோம்.

நிறுவனத் தலைவர்கள் பெரும்பாலும் இரவெல்லாம் உரையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள், அதனாலேயே இரண்டாவது வரியில் தடுமாறுகிறார்கள். காகிதத்தை வாங்கி வைத்துவிட்டு, "முதல் ஆர்டர் எப்படிக் கிடைத்தது, ஐயா?" என்று கேட்டால், அந்த மனிதர் முகமே மாறிவிடும். திருப்பூர் ஆலை ஒன்றில், பட்டியலில் பெயரே இல்லாத ஓர் அக்கா, செக்கிங் மேசையில் துணியைப் புரட்டியபடியே, "கை வெச்சாலே தெரிஞ்சிருமுங்க, எங்க ஊசி விட்டிருக்குன்னு" என்று சொன்ன ஒரே வரிதான் அந்தப் படத்தின் தொடக்கமாயிற்று. பேசுபவர்களின் பட்டியலில் பதவியை மட்டும் பார்க்க வேண்டாம் என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும், படம் எங்கே வெளியாகும் என்பதை அவர் மொழியில் சொல்லி எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெறுவதும் அவசியம். வட மாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த ஆலையில் தமிழ்ப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது.

முதல் தொகுப்பு தயாரானதும் அதை எட்டுப் பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒன்றுக்கொன்று முரணான எட்டுத் திருத்தங்களை அனுப்புவதைவிட, எல்லாருடைய கருத்தையும் கேட்டு ஒருவர் மட்டும் நிமிடமும் நொடியும் குறித்து ஒரே கடிதமாக அனுப்புவது இரு தரப்புக்கும் வாரக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடைசியாக, தொகுக்கப்படாத மூலப் பதிவுகள். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் பதிப்புரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் மூலக் கோப்புகள் யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. நான் இரண்டு ஆண்டுகள் மட்டும் வைத்திருந்து, பிறகு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு அழித்துவிடுகிறேன். பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்குப் பதில் வருவதில்லை. அடுத்த ஆண்டு வெள்ளி விழா மலருக்கு நிறுவனரின் பழைய பேட்டி கிடைக்குமா என்று தொலைபேசி மட்டும் வருகிறது.