ஒற்றைச் செஸ்நட் மரம் காய்க்காது

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நிலம் வாங்கிக் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில, அண்மைக் காலமாக என்னிடம் ஆலோசனைக்கு வருகின்றன. தனியார் நிலங்களில் மரம் வளர்ப்பதற்கு வழி சொல்வது என் தொழில். மானும் காட்டு வான்கோழியும் பறவைகளும் வந்து தங்கும்படி நிலத்தை மாற்ற என்ன நடலாம் என்று கேட்பவர்களில் பலர், முள் நிறைந்த ஓட்டுக்குள் உண்ணத்தக்க கொட்டை தரும் செஸ்நட் மரத்தை முதலில் சொல்கிறார்கள். அந்த ஆசை மிக நல்லது. ஆனால் அவர்களில் எத்தனையோ பேர் ஒரே ஒரு கன்றை நட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சென்ற இலையுதிர்காலத்தில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். “நிறையக் காய்க்கிறது சார், உள்ளே ஒன்றுமே இல்லை” என்றார் அந்த வீட்டு அம்மா. மரத்தடியில் கிடந்த, முள் நிறைந்த ஓடு ஒன்றைத் தடித்த கையுறை அணிந்து பிரித்தேன். வழக்கம்போல உள்ளே மூன்று கொட்டைகள் இருந்தன. மூன்றும் தட்டையாக, விரலால் அழுத்தினால் மடங்கும் வெறுந்தோலாக இருந்தன. நெல்லில் பதர் என்று சொல்வோமே, அதே நிலை. செஸ்நட் பொதுவாகத் தன் மகரந்தத்தைக் கொண்டே கருவுறுவதில்லை. ஆகவே ஒன்றிலிருந்து ஒன்று நூறு அடிக்குள் இருக்கும்படி, மரபில் வேறுபட்ட இரண்டு மரங்களாவது வேண்டும். ஒன்று பட்டுப்போனாலும் துணை மிஞ்ச வேண்டும் என்பதால் நான் மூன்றுக்குக் குறைவாக நடச் சொல்வதில்லை.

இந்த மரத்தின் பின்னால் ஒரு பேரிழப்பு இருக்கிறது. 1904-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்து மரங்களில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள், அப்பலாச்சிய மலைக்காடுகளில் ஓங்கி நின்ற அமெரிக்கச் செஸ்நட் மரங்களில் ஏறத்தாழ 300 முதல் 400 கோடி மரங்கள் அழிந்துபோயின. வேர்கள் இன்றும் பல இடங்களில் உயிரோடு இருக்கின்றன. அவற்றிலிருந்து தளிர் கிளம்புகிறது, ஓரளவு தடிக்கிறது, பட்டை வெடிக்கும் பருவத்தில் அதே நோய் தாக்கி மறுபடியும் மடிகிறது. காட்டு உயிர்கள் இழந்தது எளிதில் ஈடுகட்ட முடியாத உணவு. ஓக் மரம் சில ஆண்டுகளில் கொட்டிக் கொடுக்கும், சில ஆண்டுகளில் ஏமாற்றிவிடும்; மே மாதத்துப் பின்பனி அதன் பூவைக் கருக்கிவிடுவதும் உண்டு. செஸ்நட் ஜூன் மாத வாக்கில், பனி அபாயம் நீங்கிய பிறகு பூப்பதால், ஏறக்குறைய ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும். மாவுச்சத்து மிகுந்த அந்தக் கொட்டையில் ஓக் கொட்டையின் துவர்ப்பும் கிடையாது.

எந்தச் செஸ்நட் என்பதில் நிதானம் தேவை. நோயைப் பெரும்பாலும் தாங்கும் சீனச் செஸ்நட், கிளைபரப்பி வளரும் தோட்ட மரம். வெயில் படும் வயலோரத்துக்கு அது பொருந்தும், அடர்காட்டு நிழலில் உயர்ந்து போட்டியிட அதனால் முடியாது. அமெரிக்கச் செஸ்நட்டை மீட்பதற்காக 1983-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் செஸ்நட் அறக்கட்டளை, இரண்டையும் கலந்து, நோயைத் தாங்கும் கலப்பினங்களை உருவாக்க உழைத்து வருகிறது. எந்த வகையானாலும் அமிலத்தன்மை உள்ள, நீர் தேங்காத மண்ணே வேண்டும். ஈரக்களியில் நட்டால் வேரழுகல் வந்து கன்று செத்துவிடும் என்பதால், மண் பரிசோதனை செய்யாமல் கன்று வாங்காதீர்கள்.

செஸ்நட் மட்டும் நட்டால் உணவு சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஜூனில் பழுக்கும் சர்வீஸ்பெரி, கோடையில் கறுப்புச் செர்ரி, குளிர்காலத்திலும் பழத்தைக் கிளையில் வைத்திருக்கும் காட்டு ஆப்பிள், அமெரிக்கப் பெர்சிம்மன் என்று பருவத்துக்கு ஒன்று இருக்க வேண்டும். பெர்சிம்மன் நம் ஊர்ப் பனிச்சையின் உறவு. ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறாக இருப்பதால் அதையும் ஒற்றையாக நடக் கூடாது. நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் ஓக் மரத்தை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். சிக்கடி என்னும் சின்னஞ்சிறு பறவை, ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை பிடித்து வருகிறது. அந்தப் புழுக்களை ஓக் அளவுக்கு வளர்க்கும் மரம் இப்பகுதியில் வேறில்லை. மாறாக, ஒரு காலத்தில் காட்டுயிருக்கு நல்லது என்று அரசுத் துறைகளே பரிந்துரைத்த ஆட்டம் ஆலிவ் என்னும் புதர்ச்செடி இன்று காடுகளை ஆக்கிரமித்து நிற்கிறது. அதுபோலவே பரவிவிடும் அழகு மரமான காலரி பேரியின் விற்பனையைப் பென்சில்வேனியா 2024 பிப்ரவரியிலிருந்து முற்றாகத் தடைசெய்துவிட்டது.

நட்ட பிறகான நான்கைந்து ஆண்டுகள்தான் கன்றின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. மான் மிகுந்த இந்த மாநிலத்தில் பாதுகாப்பில்லாத கன்று முதல் ஆண்டைத் தாண்டுவதே அரிது; கன்றைச் சுற்றி நிறுத்தும் ஐந்தடி உயரக் குழாயோ கம்பி வலைக் கூண்டோ கட்டாயம் வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். குழாயின் அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்காமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுவிட்டேன். பனி உருகிய பிறகு போய்க் குழாயைத் தூக்கினால், வோல் என்னும் சிற்றெலி வகை, கன்றின் பட்டையை மோதிரம்போலச் சுற்றிக் கடித்திருந்தது. வெள்ளை வெளேரென்று கட்டை தெரிந்தது. அன்றிலிருந்து குழாயை இரண்டு அங்குலம் மண்ணில் புதைக்கிறேன். குழாயின் வாயில் சிறு வலையும் போடுகிறேன், ஏனெனில் பொந்து தேடும் புளூபேர்ட் என்னும் சிறு பறவை உள்ளே இறங்கி, ஏற முடியாமல் அங்கேயே இறந்துபோகும். கன்றைச் சுற்றி மூன்றடிக்குப் புல் இல்லாமல் மூடாக்கு இட்டு, அந்த மூடாக்கு தண்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மா ஏப்ரலில் மேலும் இரண்டு செஸ்நட் கன்றுகளை, பழைய மரத்திலிருந்து நாற்பதடி தள்ளி நட்டார். அவை பூக்கப் பிடிக்கும் காலத்தைக் கேட்டார். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகலாம் என்றேன்.